பிளாஸ்டிக் போத்தல் அமிலத்திலிருந்து பேட்டரி மின்முனை: முதல் தடவை செய்கிறவர்களுக்கு

போன மாதம் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டுக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு, ஆய்வுத் திட்டத்துக்குக் கிடைத்த தலைப்பு லித்தியம் அயன் பேட்டரிக்கான கரிம மின்முனை. "அக்கா, இருபது கட்டுரை படிச்சிட்டேன், ஆனா முதல்ல எதைக் கையில எடுக்கிறதுன்னே தெரியல" என்றாள். வாசல் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் அவளுக்குச் சொன்னதை, கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதி வைக்கிறேன். எஸ்டேட்டிலிருந்து படிக்கப் போன நம் பிள்ளைகளுக்கு இதைத் தமிழில் உட்கார்ந்து சொல்லித் தர ஆள் கிடைப்பது கஷ்டம், எனக்கும் கிடைக்கவில்லை.

முதலிலேயே ஒன்று. இது ஆய்வுக்கூட வேலை. காகிதத்தில் போடும் கணக்கை மட்டும் வீட்டு மேசையில் செய்யுங்கள். பழைய கைப்பேசி பேட்டரியைப் பிரித்து லித்தியம் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தீப்பிடிக்கும், கை போய்விடும்.

சரி, கரிம மின்முனை என்றால் என்ன. கைப்பேசி பேட்டரியின் நேர்மின்முனையில் கோபால்ட், நிக்கல் போன்ற உலோகங்களின் ஆக்சைடு இருக்கிறது, எலக்ட்ரான் போனாலும் வந்தாலும் கணக்கு அந்த உலோகத்தின் பேரில்தான். கரிம மின்முனையில் அந்த வேலையைக் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் இவற்றால் ஆன ஒரு மூலக்கூறு செய்கிறது. குயினோன் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருக்கும். ஓர் எலக்ட்ரான் உள்ளே வந்தால் அந்த ஆக்சிஜன் எதிர்மின் சுமை பெறும், உடனே ஒரு லித்தியம் அயன் வந்து பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். திருப்பிச் சார்ஜ் செய்தால் எலக்ட்ரான் வெளியே போகும், லித்தியமும் விலகிவிடும், பழைய இரட்டைப் பிணைப்பு திரும்பிவிடும்.

நாம் கையில் வைக்கும் மருதாணியின் சிவப்பு எதனால் வருகிறது தெரியுமா? லாசோன் என்ற ஒரு குயினோன்தான். அதிலிருந்து இரட்டை மூலக்கூறு ஒன்றைத் தயாரித்து லித்தியம் பேட்டரியில் போட்டுப் பார்த்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. ஒற்றை லாசோனை அப்படியே போடாமல் ஏன் இரண்டு இரண்டாக இணைத்தார்கள்? இந்தத் துறையின் பெரிய தலைவலி அங்கேதான் இருக்கிறது, சின்ன மூலக்கூறு பேட்டரிக்குள் இருக்கும் மின்பகுளித் திரவத்தில் கரைந்து ஓடிவிடும். 1969-இலேயே கரிமப் பொருள் ஒன்றை லித்தியம் கலத்தில், அதாவது செல்லில், வைத்துப் பார்த்துவிட்டார்கள், ஆனால் 1991-இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயன் பேட்டரியில் இருந்தது கோபால்ட் ஆக்சைடு. கரைதல், மின்கடத்தல் குறைவு, இந்த இரண்டுமே கரிமப் பொருளைப் பின்னால் இழுத்தன. அதனால் நான் யாருக்குச் சொன்னாலும் முதலில் சொல்வது இதுதான்: பொருளைத் தேர்ந்தெடுத்ததும் அது கரைகிறதா என்று பாருங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கணக்கு

ஒரு பொருள் ஒரு கிராமுக்கு எவ்வளவு மின்னேற்றம் பிடிக்கும் என்று தெரிய ஒரே ஒரு கணக்குப் போதும். 26801-ஐ மூலக்கூறு எடையால் வகுத்து, எத்தனை எலக்ட்ரான் உள்ளே வருகிறதோ அதனால் பெருக்குங்கள். வருவது மில்லி ஆம்பியர் மணியில் இருக்கும்.

பென்சோகுயினோன், எடை 108.1, இரண்டு எலக்ட்ரான், 496 வருகிறது. காகிதத்தில் பார்த்தால் மயக்கும் எண். ஆனால் அது எளிதில் ஆவியாகும், நெடி கண்ணையும் மூக்கையும் எரிக்கும், மின்பகுளியில் சர்க்கரை மாதிரி கரையும். ஆந்த்ராகுயினோன், எடை 208.2, இரண்டு எலக்ட்ரான், 257. லாசோன் 174.15, அதுவும் இரண்டு, 308. ஒப்பிட்டுப் பார்க்க, இப்போது பேருந்திலும் காரிலும் வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு இதே கணக்கில் 170.

இந்த எண்களைப் பார்த்து உடனே கட்சி மாறிவிடாதீர்கள். ஆந்த்ராகுயினோன் வேலை செய்வது லித்தியத்துக்கு எதிராக 2.3 வோல்ட் பக்கத்தில், இரும்பு பாஸ்பேட் 3.4-இல். ஆற்றல் என்பது மின்னேற்றத்தையும் வோல்ட்டையும் பெருக்கினால்தான் வரும். அப்புறம் அடர்த்தி. கோபால்ட் ஆக்சைடு ஒரு கன சென்டிமீட்டருக்கு 5 கிராம், கரிமப் பொருள்கள் பெரும்பாலும் 1.5 கிராம் பக்கம்தான் இருக்கும், ஆகவே அதே எடைக்கு அதிக இடம் பிடிக்கும். இன்னொன்று, குயினோனில் லித்தியம் கிடையாது, மறுமுனையிலிருந்து வந்தாக வேண்டும். இதையெல்லாம் ஆய்வறிக்கையின் முதல் அத்தியாயத்திலேயே ஒளிக்காமல் எழுதுங்கள், தேர்வாளர் கேட்கும் முன்னால் நீங்களே சொன்னதாக இருக்கட்டும்.

எந்தப் பொருள்

கரையாமல் இருக்க நான்கு வழி சொல்வார்கள். பாலிமர் ஆக்குவது, நுண்துளைக் கார்பனுக்குள் அடைப்பது, மின்பகுளியையே மாற்றுவது, உப்பாக்குவது. பாலிமர் வழியில் 2002-இல் ஜப்பானின் என்இசி நிறுவன ஆய்வாளர்கள் பிடிஎம்ஏ என்ற பொருளைக் காட்டினார்கள், 3.6 வோல்ட் கிடைக்கும், ஆனால் கிராமுக்கு 111 மில்லி ஆம்பியர் மணிதான், முதல் தடவை செய்கிறவருக்கு அதன் தயாரிப்பும் கடினம். நுண்துளைக் கார்பன் நம் ஊருக்கு நெருக்கமானது, செம்பனைக் கொட்டையின் ஓட்டிலிருந்து செய்யும் கரியில் துளைகள் ஏராளம். அதில் குயினோனை ஊற வைத்து அடைக்கலாம், நல்ல இரண்டாவது திட்டம். ஆனால் மின்சாரம் கடத்த அதையே நம்பாதீர்கள், பேட்டரி தரக் கார்பன் கருந்தூள் தனியாக வேண்டும்.

முதல் திட்டத்துக்கு நான் சொல்வது உப்பு வழி. அதில் டைலித்தியம் டெரெப்தலேட், அதாவது டெரெப்தாலிக் அமிலத்தின் லித்தியம் உப்பு. 2009-இல் பிரெஞ்சு ஆய்வாளர் மிஷேல் அர்மாண்டும் அவருடன் இருந்தவர்களும் இதை எதிர்மின்முனையாக வெளியிட்டார்கள். எடை 178, இரண்டு எலக்ட்ரான், கணக்குப் போட்டால் 301. வேலை செய்யும் இடம் 0.8 வோல்ட். கிராஃபைட் 0.1 வோல்ட் பக்கம் போவதால், வேகமாகச் சார்ஜ் செய்யும்போது அதன் மேல் லித்தியம் உலோகமாகப் படியும் ஆபத்து உண்டு, 0.8-இல் அந்தப் பயம் மிகக் குறைவு. அதற்கு விலையாக முழு பேட்டரியில் 0.7 வோல்ட்டை இழக்கிறோம்.

இதை எனக்குப் பிடிக்க வேறொரு காரணமும் இருக்கிறது. டெரெப்தாலிக் அமிலமும் எத்திலீன் கிளைக்காலும் சேர்ந்ததுதான் பெட் பிளாஸ்டிக், அதாவது மினரல் தண்ணீர் போத்தல். தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலுக்குப் பின்னால் மலை மாதிரி குவிந்து கிடக்கிறதே, அதற்குள்ளே இந்த அமிலம்தான் பாதிக்கு மேல். காரத்தில் கொதிக்க வைத்து அதைத் திரும்ப எடுக்க முடியும். ஆனால் முதல் தடவை போத்தலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், சுத்தமான அமிலத்தை வாங்கிச் செய்து, நல்ல எண் என்ன என்று தெரிந்துகொண்ட பிறகு போத்தலுக்குப் போங்கள். இல்லையென்றால் தவறு பொருளிலா உங்கள் கையிலா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

உப்பு தயாரிப்பு

டெரெப்தாலிக் அமிலம் 1.66 கிராம், நீரேறிய லித்தியம் ஹைட்ராக்சைடு 0.84 கிராம். ஒன்றுக்கு இரண்டு என்ற மோல் கணக்கு. கையுறை, கண்ணாடி இரண்டும் கட்டாயம், அந்த ஹைட்ராக்சைடு தோலை அரிக்கும்.

ஹைட்ராக்சைடை 50 மில்லி லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, 50 டிகிரி வெப்பத்தில் கலக்கிக்கொண்டே அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். அமிலம் தண்ணீரில் கரையாது, அதனால் முதலில் சுண்ணாம்பு கலக்கிய தண்ணீர் மாதிரி வெள்ளையாக இருக்கும். அவசரப்படாதீர்கள். உப்பாக மாற மாற அந்த வெள்ளை மெல்ல விலகி, கடைசியில் பீக்கருக்குப் பின்னால் வைத்த எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தெளியும். அந்த நிமிடத்தைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் ஆசை. ஒரு மணி நேரம் கழித்தும் கலங்கலாகவே இருந்தால் ஹைட்ராக்சைடு போதவில்லை என்று அர்த்தம், துளியளவு சேர்த்துக் காத்திருங்கள், பிஎச் 8-க்கும் 9-க்கும் நடுவில் நிற்கட்டும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சின்ன சோதனை. கரைசலில் ஒரு மில்லி லிட்டரைத் தனியாக எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விடுங்கள், உடனே வெள்ளையாகத் திரியும். எங்கள் பாட்டி பால் வெட்டிய காலத்தில் ரப்பர் பாலில் ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைத்ததைச் சொல்வார், பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் இங்கே நடப்பது உப்பு பழையபடி அமிலமாகி வெளியே விழுவது.

தெளிந்த கரைசலைக் கொஞ்சம் சுண்ட வைத்து, அதைப்போல மூன்று நான்கு மடங்கு எத்தனால் ஊற்றினால் வெண்மையான உப்பு இறங்கும். வடிகட்டி, எத்தனாலில் கழுவி, வெற்றிட அடுப்பில் 120 டிகிரியில் இரவு முழுக்கக் காய வையுங்கள். அகச்சிவப்பு நிறமாலை எடுத்தால் 1680 செ.மீ⁻¹ பக்கம் இருந்த அமிலத்தின் முகடு மறைந்து 1570 செ.மீ⁻¹ பக்கம் புதிய முகடு வந்திருக்க வேண்டும். பழைய முகடு கொஞ்சமாவது மிச்சமிருந்தால் திரும்பச் செய்யுங்கள், அப்படியே அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

கரைகிறதா

மின்பகுளியில் பயன்படுத்தப் போகும் அதே கரைப்பான் கலவையில், லித்தியம் உப்பு இல்லாமல், 2 மில்லி லிட்டர் எடுத்து 10 மில்லி கிராம் பொருளைப் போட்டு மூடி ஓர் இரவு வையுங்கள். பக்கத்திலேயே இன்னொரு குப்பியில் ஆந்த்ராகுயினோனை வையுங்கள், ஒப்பிடத்தான். காலையில் ஆந்த்ராகுயினோன் குப்பியில் திரவமே மஞ்சள் பூத்திருக்கும். டெரெப்தலேட் உப்புக்கு நிறம் கிடையாது, கண்ணை நம்ப முடியாது, மேலே நிற்கும் திரவத்தை எடுத்துப் புற ஊதா நிறமாலையில் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பேட்டரிக்குள் பொருள் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை, எலக்ட்ரான் வாங்கிய பிறகு அது வேறு பொருள், அந்த வடிவம் கரையலாம். ஆகவே குப்பி சுத்தமாக இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம் என்று மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் செய்தது ஆந்த்ராகுயினோன்தான். குப்பிச் சோதனை எதுவும் செய்யவில்லை, யாரும் சொல்லவுமில்லை. ஒரு தடவை ஏற்றி இறக்குவது ஒரு சுற்று, முதல் சுற்றில் அருமையான எண் வந்தது, பத்தாவது சுற்றில் பாதிக்கும் கீழே. மூன்று வாரம் பூச்சைக் குறை சொன்னேன், கார்பனை மாற்றினேன், கருவியைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் குளோவ் பாக்ஸுக்குள் (காற்றுப் புகாத, கையுறை வழியாக வேலை செய்யும் பெட்டி) கலத்தைப் பிரித்துப் பார்த்தால், இரண்டு மின்முனைகளையும் பிரித்து வைக்கும், பால் வெள்ளையாக இருக்க வேண்டிய செப்பரேட்டர் தாள் ஓரம் வரைக்கும் மஞ்சளாக இருந்தது. நான் எடை போட்டு வைத்த பொருள் முக்கால்வாசி அந்தத் தாளில்தான் இருந்திருக்கிறது.

கலவையும் பூச்சும்

உப்பு 60 பங்கு, கார்பன் கருந்தூள் 30, ஒட்ட வைக்கும் பிவிடிஎஃப் 10, இது எடைக் கணக்கு. கார்பன் ஏன் இவ்வளவு என்றால் இந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தவே கடத்தாது, ஒவ்வொரு துகளையும் கார்பன் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். முதலில் உப்பையும் கார்பனையும் உலர்ந்தபடியே கல்வத்தில் அரைமணி நேரம் அரையுங்கள். போதுமா என்று தெரிய, ஸ்பேட்டுலா நுனியில் கொஞ்சம் எடுத்து வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், ஒரே கருப்பாக இழுபட்டால் சரி, நடுவில் வெள்ளைக் கீற்று தெரிந்தால் இன்னும் பத்து நிமிடம். அம்மியில் மசாலா அரைத்துப் பழகிய கைக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

வணிக கிராஃபைட் மின்முனைகளில் தண்ணீரில் கலந்த சிஎம்சியும் செயற்கை ரப்பர் பாலும்தான் ஒட்டும் பொருள். ரப்பர் ஊர்க்காரிக்கு அதைப் பயன்படுத்த ஆசை வரும்தான், ஆனால் நம் உப்பு தண்ணீரில் கரையும், காயும்போது பெரிய பெரிய படிகமாகத் திரும்ப வளர்ந்து அரைத்ததெல்லாம் வீணாகும். அதனால் இங்கே பிவிடிஎஃப்பை என்எம்பி என்ற கரைப்பானில் கரைத்துக் கலக்கிறோம். என்எம்பி கருவுக்குத் தீங்கு செய்யக்கூடியது, ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட்டுக்கு வெளியே அதைத் திறக்காதீர்கள், கர்ப்பிணிகள் இந்தப் படியை வேறு யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும்.

நம் நாட்டில் இதைச் செய்கிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. என்எம்பி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறினால் பிவிடிஎஃப் கரைசலிலிருந்து பிரிந்துவிடும். மத்தியான மழை நாளில் நான் கலவையை மூடாமல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன், திரும்பி வந்தபோது மேலே தயிர் மாதிரி திரண்டிருந்தது. வீணாக்க மனமில்லாமல் அதையே தகட்டில் பூசினேன், மறுநாள் காய்ந்த பூச்சு வளைத்ததும் செதில் செதிலாக உரிந்து விழுந்தது. காலையிலேயே கலந்து, மூடி வைத்து, கலந்த அன்றே பூசிவிடுங்கள். ஏர்கான் ஓடும் அறை நல்லது.

தாமிரத் தகட்டில் மெல்லிசாகப் பூசி, 80 டிகிரியில் காய வைத்து, 12 மில்லி மீட்டர் வட்டமாக வெட்டுங்கள். இங்கே எடை போடுவதில் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். 10 மைக்ரான் தாமிரத் தகட்டில் 12 மில்லி மீட்டர் வட்டம் 10 மில்லி கிராம் இருக்கும், அதன் மேல் பூச்சு 3 மில்லி கிராம்தான். தகடு வட்டத்துக்கு வட்டம் 0.3 மில்லி கிராம் மாறினாலே உங்கள் விடை பத்து சதவீதம் தப்பாகிவிடும். அதனால் அதே தகட்டின் பூசாத ஓரத்திலிருந்து பத்து வட்டம் வெட்டி, ஒவ்வொன்றாக எடை போட்டு, சராசரி எடுங்கள்.

3 மில்லி கிராம் பூச்சில் உப்பு 1.8. அதை 301-ஆல் பெருக்கினால் 0.54 மில்லி ஆம்பியர் மணி. பத்து மணி நேரத்தில் நிரப்ப 54 மைக்ரோ ஆம்பியர் ஓட வேண்டும். இந்த எண்ணைக் கருவியில் போடும் முன் இரண்டு தடவை சரிபாருங்கள், மில்லிக்கும் மைக்ரோவுக்கும் மாறிப் போட்டால் கலம் ஒரு நிமிடத்துக்குள்ளேயே எல்லையைத் தொட்டுவிடும்.

கலம் கட்டுவது

வெட்டிய வட்டங்களை வெற்றிடத்தில் 110 டிகிரியில் இரவு முழுக்கக் காய வைத்து, வெளியே கிடத்தாமல் நேராக குளோவ் பாக்ஸுக்குள் கொண்டுபோங்கள். உள்ளே ஆர்கான்தான் இருக்க வேண்டும், நைட்ரஜன் போதாது, லித்தியம் உலோகம் சாதாரண வெப்பத்திலேயே நைட்ரஜனோடு சேரும். மின்பகுளியிலுள்ள ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்பேட் உப்பு ஈரம் பட்டால் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தைத் தரும், அது எலும்பு வரை இறங்கும் விஷம். ஆகவே பாக்ஸின் ஈர அளவு ஒரு பிபிஎம்முக்கு மேல் காட்டினால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள்.

சிஆர் 2032 காயின் செல், அதாவது 20 மில்லி மீட்டர் அகலம், 3.2 மில்லி மீட்டர் தடிமன். கீழ்க்கிண்ணத்தில் உங்கள் மின்முனை பூச்சு மேலே பார்க்க, அதன் மேல் செப்பரேட்டர், மின்பகுளி, லித்தியம் வட்டம், ஸ்பேசர், ஸ்பிரிங், மூடி. மின்பகுளியைப் பிப்பெட்டால் அளந்து எல்லாக் கலத்துக்கும் ஒரே அளவாக விடுங்கள். ஒரு கலம் போதாது, குறைந்தது மூன்று. அதோடு கார்பனும் பிவிடிஎஃப்பும் மட்டும் பூசிய வெறும் கலம் ஒன்று கட்டாயம் வேண்டும், ஏனென்றால் 1 வோல்ட்டுக்குக் கீழே கார்பன் கருந்தூளே லித்தியத்தைப் பிடிக்கும். அதைக் கழிக்காமல் எழுதினால் கார்பனுடைய உழைப்பை உப்பின் கணக்கில் சேர்த்ததாகிவிடும்.

ஓட்டுவதும் படிப்பதும்

கட்டி முடித்த பிறகு ஆறேழு மணி நேரம் ஊற விட்டு, 0.5 வோல்ட் வரை இறக்கி 2 வோல்ட் வரை ஏற்றுங்கள். மறுபக்கம் லித்தியம் உலோகம் இருப்பதால் இங்கே டிஸ்சார்ஜ் என்று கருவி சொல்வது உப்புக்குள் லித்தியம் நுழைவது. முழு பேட்டரியில் இதே வேலை சார்ஜ் ஆகும்போது நடக்கும். தங்கச்சி இந்த இடத்தில்தான் குழம்பினாள், வரைபடத்தில் பென்சிலால் அம்புக்குறி போட்டு வைத்துக்கொள் என்றேன்.

முதல் டிஸ்சார்ஜ் எண் 301-ஐத் தாண்டினால் துள்ளிக் குதிக்காதீர்கள். மின்பகுளி சிதைந்து மேலே படலம் கட்டுவதும் கார்பன் பிடித்ததும் அதில் சேர்ந்திருக்கும், திரும்பி வராது. இரண்டாம் சுற்றிலிருந்து வருவதுதான் பேசத் தகுந்த எண். வளைவு 0.8 பக்கம் மேடை மாதிரி படுத்து நிற்கிறதா என்று பாருங்கள். மேடை இல்லாமல் சரிவாகவே இறங்கினால் பெரும்பாலும் கார்பன்தான் வேலை செய்கிறது, அரைத்தது போதவில்லை.

ஐம்பது சுற்று முடிந்ததும் ஒரு கலத்தை குளோவ் பாக்ஸுக்குள்ளேயே பிரியுங்கள், லித்தியத்தை வெளியே எடுக்கக் கூடாது. செப்பரேட்டரை வெள்ளைத் தாளின் மேல் விரித்துப் படம் எடுத்து, புதுசு ஒன்றையும் பக்கத்தில் வைத்து எடுங்கள். எண் குறைந்திருந்து தாள் சுத்தமாக இருந்தால், பூச்சு தகட்டை விட்டு எழும்பியிருக்கிறதா என்று சாமணத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். தாளில் கறை இருந்தால் அதைக் கரைப்பானில் ஊற வைத்து நிறமாலை எடுத்து, உங்கள் பொருளின் நிறமாலையோடு ஒப்பிடுங்கள். அந்த இரண்டு படங்களையும், எண் நன்றாக வந்திருந்தாலும் வராவிட்டாலும், ஆய்வறிக்கையில் வையுங்கள்.